இன்டேக் வால்வு மூடும் நேரம்

அமெரிக்காவில் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ராக்கி மலையைக் குடைந்த ஐசன்ஹோவர் சுரங்கத்தில் சுமார் 3400 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த ஏற்றத்தில் ஒரு ஹார்லி-டேவிட்சன் எலக்ட்ரா கிளைடு ஏறுகிறது. வண்டி மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். ஓட்டுபவர், பின்னால் மனைவி, மூன்று பெட்டி நிறைய சாமான் எல்லாம் சேர்ந்தால் 600 கிலோ. முன்னால் ஊர்ந்து போகும் லாரியை முந்தியாக வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் வண்டி இழுக்கிறதா, இரண்டு கியர் குறைத்து இன்ஜினைக் கதறவிட வேண்டியிருக்கிறதா?

இப்படிப்பட்ட டூரிங் வண்டிக்கு கேம்ஷாஃப்ட் மாற்ற நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் கடையில் முதலில் கேட்கப்படுவது, “எத்தனை குதிரைத்திறன் கூடும்?”

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட எஃகுத் தண்டு. கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். மேடு உயர்ந்து வரும்போது டாப்பெட்டைத் தள்ளும். டாப்பெட் புஷ்ராடைத் தள்ளும். சிலிண்டர் ஹெட்டில் ராக்கர் சாய்ந்து வால்வைத் திறக்கும். மேடு விலகியதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். ஹார்லியின் பெரிய இன்ஜின்களில் கேம் இருப்பது கீழே, இன்ஜினின் வலப்பக்கத்தில். 1999 மாடல்களில் வந்த ட்வின் கேம் இன்ஜினில் பெயருக்கேற்ப இரண்டு கேம்கள். 2017 மாடல்களில் வந்த மில்வாக்கி-எய்ட்டில் ஒன்றே ஒன்று.

கேம் விற்பவர்களின் அட்டவணையில் பல எண்கள் இருக்கும். மேட்டின் உயரத்தால் வால்வு எவ்வளவு திறக்கும் என்பது லிஃப்ட். கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை வால்வு திறந்திருக்கும் என்பது டியூரேஷன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவெளி ஓவர்லேப். வாங்குபவர் கண் லிஃப்டில்தான் போய் நிற்கும். பெரிய எண் அல்லவா! டூரிங் வண்டிக்காரர் பார்க்க வேண்டிய எண் வேறு. அது இன்டேக் வால்வு மூடும் கோணம்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருகிறது. அப்படியானால் பிஸ்டன் அடியைத் தொட்டதும் வால்வை மூடிவிட வேண்டியதுதானே? பெரும்பாலான இன்ஜின்களில் அப்படி மூடுவதில்லை. உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும் கலவைக்கு ஒரு வேகம் இருக்கிறது. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் பின்னாலிருந்து வரும் நெருக்கத்தில் நாலு பேர் படியேறிவிடுவதைப் போல, பிஸ்டன் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்சம் கலவை உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற இந்த உந்துதலும் கூடும். எனவே 5000 ஆர்.பி.எம்.மில் வால்வைத் தாமதமாக மூடினால் சிலிண்டர் நன்றாக நிறையும். அதே தாமதம் 2500 ஆர்.பி.எம்.மில் எதிராக வேலை செய்யும். உந்துதல் குறைவாக இருப்பதால், மேலே வரும் பிஸ்டன் ஏற்கெனவே உள்ளே வந்த கலவையையே திறந்திருக்கும் வால்வு வழியாக வெளியே தள்ளிவிடும். நிறையாத சிலிண்டரில் இழுவை ஏது?

எல்லாம் டிகிரிக் கணக்கு. 3000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 18 டிகிரி சுற்றுகிறது. இரண்டு கேம்களின் மூடும் கோணம் 10 டிகிரி வேறுபட்டால் நேரக் கணக்கில் அது அரை மில்லிசெகண்டுக்குச் சற்றே அதிகம். ஆனால் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். இழுவைக்காகச் செய்யப்படும் கேம்கள் பிஸ்டன் அடியைக் கடந்த பிறகு ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரிக்குள் இன்டேக்கை மூடிவிடும். 45, 50 டிகிரி என்று போனால் அது மேல்வேகத்துக்கான கேம். டாப்பெட் 0.053 அங்குலம் உயர்ந்த நிலையை வைத்து இந்தக் கோணங்களைச் சொல்வது ஹார்லி உதிரிபாக உலகத்தின் வழக்கம். வேறு உயரத்தில் அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

குதிரைத்திறன் மோகம் எங்கிருந்து வருகிறது? திறன் என்பது டார்க்கை, அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையை, ஆர்.பி.எம்.மால் பெருக்கி வருவது. ஓர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் 130 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தால் அது 55 குதிரைத்திறன். அதே 130-ஐ 5500-இல் தந்தால் 100. டார்க் துளிகூடக் கூடவில்லை. அது வரும் இடத்தை மேலே தள்ளியதற்கே விளம்பரத்தில் போட ஒரு மூன்றிலக்க எண் கிடைத்துவிட்டது. ஆனால் ஆறாவது கியரில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் டூரிங் ஹார்லியின் இன்ஜின் 2500-க்கும் 2800-க்கும் நடுவில்தான் சுற்றும். 5500-ஐ அந்த வண்டி பார்ப்பது அபூர்வம். ஹார்லி நிறுவனமே 107 கன அங்குல மில்வாக்கி-எய்ட்டில் உச்ச டார்க்கான 150 நியூட்டன் மீட்டரை 3250 ஆர்.பி.எம்.மிலேயே கிடைக்கும்படி வைத்தது சும்மா இல்லை. எனவே கடைக்காரர் இன்ஜினின் டார்க்கையும் திறனையும் அளந்து வரைந்த டைனோ வரைபடத்தைக் காட்டினால் உச்சியைப் பார்க்காதீர்கள். 2000-இலிருந்து 3500 வரை உள்ள பகுதியைப் பாருங்கள். சில வரைபடங்கள் 3000-இல்தான் தொடங்கும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

சீக்கிரம் மூடுவதற்கும் ஒரு விலை உண்டு. வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் (கம்ப்ரஷன்) தொடங்குகிறது என்பதால், எவ்வளவு சீக்கிரம் மூடுகிறதோ அவ்வளவு அதிகமாகக் கலவை அமுக்கப்படும். ஹார்லியே விற்ற எஸ்.ஈ. 255 என்ற கேம் சுமார் 25 டிகிரியிலேயே மூடுவது; அடிவேக இழுவைக்குப் பேர்போனது. கோடை வெயிலில், முழுச் சுமையோடு, மட்டமான பெட்ரோலில் ஏற்றம் ஏறினால் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வரும் ஆபத்தும் அதில்தான் அதிகம். தாமதமாக மூடும் கேமுக்குச் சிக்கல் நேர் எதிரானது. அதற்குக் கம்ப்ரஷன் போதாது. பிஸ்டனையோ ஹெட்டையோ மாற்றிக் கம்ப்ரஷனை ஏற்றினால்தான் அந்த கேமுக்குப் போட்ட பணம் திரும்பும். வேறெதையும் மாற்றாத ஸ்டாக் இன்ஜினில் பெரிய கேமை மட்டும் போட்டுவிட்டு, பிக்கப் போய்விட்டதே என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

சத்தத்துக்காக கேம் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஹார்லியின் அந்தத் தத்தித் தத்தி வரும் தாளம் 45 டிகிரி வி-ட்வின் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில் மாட்டப்பட்டிருப்பதால் வெடிப்புகள் 315, 405 டிகிரி என மாறி மாறி விழுகின்றன. அதற்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். ஓவர்லேப் அதிகமுள்ள கேம் ஐடிலிங்கை இன்னும் கரடுமுரடாக்கும், உண்மைதான். அடிவேகத்தில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பிப் போவதும் அதனால்தான்.

லிஃப்ட் அதிகமானால் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். ஆரம்பகால ட்வின் கேமின் ஸ்பிரிங்குகள் ஏறக்குறைய 13 மில்லிமீட்டருக்கு மேல் தாங்காது. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடும். டூரிங் வரிசையில் 1999 முதல் 2006 வரை வந்த ட்வின் கேம் வண்டிகளில் இன்னொரு பழைய தொல்லையும் உண்டு. கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பிளாஸ்டிக் கட்டை தேய்ந்து, அதன் துகள்கள் ஆயிலில் கலந்துவிடும். 2007 மாடல்களிலிருந்து ஹைட்ராலிக் டென்ஷனர் வந்தது. எப்படியும் கேம் மூடியைத் திறக்கிறோம் என்பதால் டென்ஷனர், உள் பேரிங், டாப்பெட் மூன்றையும் அப்போதே பார்த்துவிடுவது லாபம். இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டியிராது.

கேம் மாறினால் இன்ஜின் கணினியின் எரிபொருள் அளவும் மாற வேண்டும். ட்யூனிங்குக்குப் பணம் ஒதுக்காமல் கேமைத் தொடவே கூடாது என்பேன். அமெரிக்காவில் அதற்குச் சட்டச் சிக்கலும் உண்டு. மாசு வரம்பை மீறவைக்கும் ட்யூனர் கருவிகளை விற்றதாக எழுந்த வழக்கில், 2016-இல் ஹார்லி நிறுவனம் 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

சீக்கிரம், தாமதம் இரண்டையும் ஒரே கேமில் பெறவும் வழி வந்துவிட்டது. 2023-இல் வந்த ஹார்லியின் சி.வி.ஓ. ரோடு கிளைடு, ஸ்ட்ரீட் கிளைடு இரண்டிலும் உள்ள 1977 சிசி இன்ஜினில் கேமை ஓடும்போதே முன்னும் பின்னும் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. அடிவேகத்தில் இன்டேக்கைச் சீக்கிரமாகவும் மேல்வேகத்தில் தாமதமாகவும் மூட முடியும். ஒரே கேம் என்பதால் எக்ஸாஸ்ட் நேரமும் கூடவே நகரும். லிஃப்டும் டியூரேஷனும் அந்த இன்ஜினிலும் மாறுவதில்லை.