ஒரே ஒரு எழுத்துப் பிழை... அல்சைமர் தொடங்கும் இடத்தைக் காட்டிய ஜான் ஹார்டி! ஆனால் மருந்து ஏன் முழுசாகக் கைகொடுக்கவில்லை?

"அல்சைமருக்கு மருந்து வந்துடுச்சாமே, உண்மையா?"

2023 ஜூலையில் லெகனெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ முழு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, மறதி நோயாளி இருக்கும் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. அடுத்த ஆண்டே, புகழ்பெற்ற அல்சைமர் ஆய்வுக் கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டது. "அப்போ இத்தனை வருஷ ஆராய்ச்சியும் பொய்யா?" என்ற சந்தேகமும் கிளம்பியது.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிய வேண்டுமென்றால், பிரிட்டன் விஞ்ஞானி ஜான் ஹார்டி என்ன கண்டுபிடித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், மறதியாலும் குழப்பத்தாலும் அவதிப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று, நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்திருந்த படிவுகள். இன்னொன்று, செல்களுக்கு உள்ளேயே நூல் சிக்கிக்கொண்டதுபோல் இருந்த முடிச்சுகள்.

அந்தப் படிவு எதனால் ஆனது என்பது தெரிய 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் க்ளென்னர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் பீட்டா அமிலாய்டு. சிக்கல் முடிச்சுகளில் இருப்பது டௌ என்ற வேறொரு புரதம் என்பதும் பிறகு உறுதியானது.

ஆனால் பெரிய கேள்வி அப்படியே நின்றது. இந்தப் படிவால்தான் நோய் வருகிறதா? இல்லை, நோய் வந்து மூளை அழிந்த பிறகு சேர்ந்த குப்பையா இது? இறந்தவரின் மூளையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எரிந்து முடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, தீ எந்த அறையில் பற்றியது என்று சொல்வது போலத்தான்.

யார் இந்த ஜான் ஹார்டி?

1954-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். உயிர்வேதியியல் படித்தவர். 1980-களில் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். நோய் எங்கே தொடங்குகிறது என்பதை மரபணு காட்டிக்கொடுக்கும் என்பதுதான் அவருடைய குழுவின் நம்பிக்கை. ஏனென்றால் மரபணு பிறக்கும்போதே உடம்பில் இருக்கிறது. அதில் உள்ள ஒரு கோளாறு நோயைக் கொண்டுவந்தால், அது நோயின் விளைவாக இருக்க முடியாது. காரணமாகத்தான் இருக்க முடியும்.

ஆகவே, தலைமுறை தலைமுறையாக அல்சைமர் வரும் குடும்பங்களை அந்தக் குழு தேடியது.

ஒரு பெண் எழுதிய கடிதம்

நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஒரு பெண் அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய அப்பாவுக்கு அல்சைமர். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் சிலருக்கும் அதே நோய். எல்லோருக்குமே முதுமை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்டது. "எங்கள் குடும்பம் உங்களுக்கு உதவுமா?" என்பதுதான் கடிதத்தின் சாரம்.

குடும்பத்தினர் ரத்த மாதிரி கொடுத்தார்கள். நோய் வந்தவர்களின் டிஎன்ஏவையும் வராதவர்களின் டிஎன்ஏவையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தேடல் 21-வது குரோமோசோமில் உள்ள ஏபிபி என்ற மரபணுவில் வந்து நின்றது. பீட்டா அமிலாய்டை உருவாக்கும் தாய்ப் புரதத்துக்கான மரபணு அது.

அதில் மாறியிருந்தது ஒரே ஒரு எழுத்து. அதனால் அந்தப் புரதத்தின் 717-வது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் வருவதற்குப் பதிலாக ஐசோலூசின் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். 1991-ல் நேச்சர் இதழில் வெளியான இந்த ஆய்வின் முதல் ஆசிரியர், ஹார்டியுடன் பணியாற்றிய அலிசன் கோட்.

ஒரு எழுத்து மாறினால் மூளையே அழியுமா?

ஏபிபி புரதத்தை, செல்லின் சுவரில் குத்தி நிற்கும் நீளமான நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நறுக்க நம் உடம்பில் கத்தரிக்கோல் மாதிரி சில நொதிகள் இருக்கின்றன. பெரும்பாலும் வெட்டு பாதுகாப்பான இடத்தில் விழும். பிரச்சினையே வராது.

சில நேரம் பீட்டா செக்ரிடேஸ், காமா செக்ரிடேஸ் என்ற இரண்டு கத்தரிகள் அடுத்தடுத்து வெட்டும். அப்போது நடுவில் ஒரு துண்டு விழும். அதுதான் பீட்டா அமிலாய்டு. இது எல்லோருடைய மூளையிலும் தினமும் உருவாகிறது, கழுவியும் போகிறது.

இந்தத் துண்டின் நீளம்தான் இங்கே முக்கியம். 40 அமினோ அமிலம் இருந்தால் ஓரளவு கரைந்துபோகும். 42 இருந்தால் பிசின் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 717-வது இடம் காமா கத்தரி வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே எழுத்து மாறினால் வெட்டு கொஞ்சம் தள்ளி விழும், ஒட்டும் ரகம் கூடுதலாகச் சேரும்.

1995-ல் பிரசெனிலின் என்ற மரபணுக்களிலும் இதே போன்ற பரம்பரைக் கோளாறுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த மரபணுக்களின் வேலை என்ன தெரியுமா? அந்தக் காமா கத்தரியைச் செய்வதுதான்! இரண்டு வழியாகப் போனாலும் சந்தேகம் ஒரே இடத்தில் வந்து நின்றது.

வைக்கோல் போரும் தீக்குச்சியும்

1992-ல் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் சயன்ஸ் இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். 'அமிலாய்டு தொடர்வினைக் கோட்பாடு' என்று பெயர் பெற்றது அதுதான். முதலில் அமிலாய்டு சேரும். அதைத் தொடர்ந்து டௌ சிக்கலாகும். பிறகு நரம்பு செல்கள் சாகும். கடைசியில்தான் மறதி வெளியே தெரியும். இதுதான் அவர்கள் சொன்ன வரிசை.

அதாவது அமிலாய்டு என்பது வைக்கோல் போரில் விழுந்த தீக்குச்சி.

1998-ல் இந்த வரிசைக்கு இன்னொரு ஆதாரம் கிடைத்தது. டௌ மரபணுவில் கோளாறு இருந்தால் வேறு வகை மறதி நோய் வருகிறது, ஆனால் அமிலாய்டு படிவு உருவாவதில்லை என்பதை ஹார்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். டௌ கெட்டால் அமிலாய்டு சேராது. ஆனால் அமிலாய்டு சேர்ந்தால் டௌ கெடுகிறது. அப்படியானால் அல்சைமரில் எது முதலில் என்பது தெளிவாகிறது.

2013-ல் அவருடைய குழுவும் ஐஸ்லாந்து ஆய்வாளர்களும் டிரெம்2 என்ற மரபணுவைக் காட்டினார்கள். மூளையில் குப்பையை அகற்றும் மைக்ரோக்ளியா செல்களில் இது வேலை செய்கிறது. இதில் ஒரு அரிய மாற்றம் இருந்தால் அல்சைமர் ஆபத்து ஏறக்குறைய 3 மடங்காகிறது. ஆக, குப்பை உருவாவது மட்டுமல்ல, அதை மூளை எப்படிச் சமாளிக்கிறது என்பதும் முக்கியம்.

பிறகு மருந்துகள் ஏன் தோற்றன?

காரணம் தெரிந்துவிட்டதே, அமிலாய்டை எடுத்துவிட்டால் போதுமே என்று பலரும் நினைத்தார்கள். நடந்ததோ வேறு. அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசிச் சோதனை, சிலருக்கு மூளையில் அழற்சி ஏற்பட்டதால் 2002-ல் நிறுத்தப்பட்டது. 2016-ல் சோலனெசுமாப் தோற்றது. பீட்டா கத்தரியைத் தடுக்கும் மாத்திரைகளும் கைவிடப்பட்டன.

கோட்பாடே தப்பு என்றனர் சிலர். தாமதமாகக் கொடுத்ததுதான் தப்பு என்றனர் வேறு சிலர். இரண்டாவது தரப்பு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மறதி வெளியே தெரிவதற்கு சுமார் 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது என்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. வைக்கோல் போர் பாதி எரிந்த பிறகு தீக்குச்சியை எடுத்து வீசி என்ன பயன்?

27 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்?

2022-ல் லெகனெமாப் ஆய்வின் முடிவு வந்தது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 1,795 பேர் அதில் பங்கேற்றார்கள். 18 மாதங்களில், மருந்து எடுத்தவர்களிடம் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைவு.

கேட்கப் பெரிதாக இருக்கிறது அல்லவா? மதிப்பெண்ணில் பார்த்தால், 18 புள்ளி கொண்ட அளவுகோலில் வித்தியாசம் 0.45 புள்ளி மட்டுமே. போன ஞாபகம் திரும்பவில்லை. நோய் நிற்கவும் இல்லை. சரிவு மெதுவானது, அவ்வளவுதான். மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. ஏபிஓஇ4 என்ற மரபணு வகை இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 2024-ல் டோனனெமாப் என்ற இன்னொரு மருந்துக்கும் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. அதன் கதையும் ஏறக்குறைய இதேதான்.

நாட்டிங்ஹாமிலிருந்து கடிதம் எழுதிய அந்தப் பெண்ணுக்கு இந்த மருந்துகள் உதவவில்லை. அதே மரபணு அவருக்கும் இருந்தது. பரிசோதனை செய்து தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அவர். பிறகு அவருக்கும் நோய் வந்தது. 2024-ல் இறந்தார். மூளையை ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாமே மோசடி என்பது உண்மையா?

இல்லை. 2024-ல் திரும்பப் பெறப்பட்டது 2006-ல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரை. அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பற்றி எலிகளில் நடந்த ஆய்வு அது. படங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. அது பெரிய தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் ஹார்டியின் வாதம் அதற்கு 14 ஆண்டுகள் முந்தையது. மனிதக் குடும்பங்களின் மரபணுவை நம்பி நிற்பது. அந்தக் கட்டுரை விழுந்ததால் இது விழவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன செய்யலாம்?

முதலில் பயத்தை விடுங்கள். ஒரே ஒரு மரபணுக் கோளாறால் நேரடியாக வரும் அல்சைமர், 100 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட இருக்காது. "பாட்டிக்கு இருந்தது, எனக்கும் கட்டாயம் வரும்" என்று நினைக்கத் தேவையில்லை.

அதேபோல், "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று விடுவதும் சரியல்ல. பி12 குறைபாடு, தைராய்டு, மன அழுத்தம், சில மாத்திரைகள் காரணமாகவும் மறதி வரலாம். இவற்றைச் சரிசெய்ய முடியும். சமையல் முறை மறப்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவை தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகைப்பழக்கம் உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால், மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புள்ளது என்று 2024-ல் லான்செட் ஆணையம் கூறியது. இவற்றில் பலவற்றை நடுத்தர வயதிலேயே தொடங்க வேண்டும்.

அல்சைமர் கண்டறிவதற்கு உதவும் ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் தொடங்கப்பட்டுள்ளன. ஹார்டியின் கோட்பாட்டுக்கு உண்மையான தேர்வு அங்கேதான். தீ எங்கே பற்றுகிறது என்பதை அவர் காட்டிவிட்டார். புகை வருவதற்கு முன்பே போய்ச் சேர முடியுமா என்பதுதான் இனி தெரிய வேண்டும்.