மரை ஏறினால் போதுமா?

மண்ணில் ஓடும் வண்டிகள் – 14

சென்ற வாரம் பம்ப்பின் சமாசாரத்தைச் சொல்லி முடிக்கையில், அதிலிருந்து புறப்படும் எண்ணெய் எந்தெந்த மூட்டுகளைக் கடந்து முன் சக்கரங்களைத் திருப்பும் சிலிண்டருக்குப் போய்ச் சேருகிறது என்ற விஷயத்தை இந்த வாரத்துக்கு ஒத்திவைத்திருந்தேன். எண்ணெய் போகும் ஹோஸைப் பற்றி எனக்கு அதிகக் கவலையில்லை. கவலையெல்லாம் அதன் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்திருக்கும், கட்டைவிரல் பருமனே உள்ள அந்த இரும்புத் துண்டுகளைப் பற்றித்தான். ஆயிரக்கணக்கில் செலவு செய்து பம்ப்பும் சிலிண்டரும் வாங்குகிற மனிதர், இந்தப் பிட்டிங் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை மறுபேச்சின்றி வாங்கி வருவதைப் பல சந்தர்ப்பங்களில் பார்த்திருக்கிறேன்.

பவர் ஸ்டியரிங் வைத்த டிராக்டர்கள் பலவற்றில், ஓட்டுநர் பிடித்திருக்கும் சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் நடுவே இரும்புத் தண்டு என்று ஒன்றும் கிடையாது. பம்ப் வழி, தொட்டி வழி, இடம், வலம் என்று நான்கு வாய்கள் வைத்த ஒரு வால்வும், அதிலிருந்து கிளம்பும் ஹோஸ்களும்தான் உண்டு. வாகனத்தைத் திருப்புவது எண்ணெய் ஒன்றே என்று ஆகிவிட்டபின், அந்த எண்ணெய் நின்றால் திசையும் நின்றுபோகும். அதன் அழுத்தமோ சாதாரணமாக 100 முதல் 150 பார் வரை போகும்; கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார்தான் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தச் சிறு மூட்டுகள் தாங்கும் பாரம் ஒருவாறு விளங்கும்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவருடைய டிராக்டரில் நடந்ததைச் சொல்கிறேன். வால்வின் வாயில் கசிவு கண்டு, பழைய பிட்டிங்கைக் கழற்றிவிட்டு, அரை இஞ்சு நிப்பிள் ஒன்றை டெஃப்லான் நாடா பத்துச் சுற்றுச் சுற்றி முடுக்கியிருந்தான் ஒரு பையன். மூன்று நாள் நன்றாகவே இருந்தது. நான்காம் நாள் வாய் ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தது. இன்னும் இரண்டு சுற்று முடுக்கினான். அடுத்த வாரத்தில், இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் சக்கரம் கல்லாய்க் கனக்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தபோது, உள்ளே வால்வின் நுண்ணிய பிளவுகளில் வெள்ளை நாடாவின் நார்கள் சிக்கியிருந்தன. வாயைச் சுற்றி வார்ப்பிரும்பில் தலைமயிர் போல் ஒரு கீறல் ஓடியிருந்தது. “மரை அழகா ஏறிடுச்சுங்களே!” என்றான் பையன். அவன் சொன்னது பொய்யல்ல. பக்கத்தில் நின்ற ஹோஸ் கடைப் பெரியவர்தான், “மரை புடிச்சுக்கறதுக்குத்தான் தம்பி, எண்ணெயை நிறுத்தறது வேற எடம்” என்றார்.

இந்த வாரத்துப் பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பையன் போட்டது தண்ணீர்க் குழாய்க்குரிய சரிவு மரை. 16-க்கு 1 என்ற விகிதத்தில் ஒடுங்கிக்கொண்டே போவது. ஆப்புப்போல் இறுகி, மரையின் மேலேயே நீரை அடைப்பது அதன் தர்மம். வால்வின் வாயிலிருந்ததோ நேர் மரை. அங்கே மரையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டுமே. எண்ணெயை அடைப்பது, விளிம்பில் வைக்கும் டௌட்டி சீல் என்ற, உள்ளோரத்தில் ரப்பர் ஒட்டிய உலோக வளையம். இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை, ஒரே கோணம். ஆகவே ஒன்றினுள் மற்றொன்று ஏறத்தான் செய்யும். ஆப்பு ஏற ஏற வார்ப்பிரும்பு பிளக்கும் என்பதை மரக்கடையில் கோடாலி பிடிப்பவனைக் கேட்டாலே சொல்லியிருப்பான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரைக்கு 55 பாகைக் கோணம் வகுத்தார். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையே சௌகரியம் என்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு நாட்டு நட் மறு நாட்டு போல்ட்டில் ஏறாமல் இரு சேனைகளும் பட்ட அவஸ்தையின் பலனாக, 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு இசைந்தன. ஆனால் குழாய் மரைகள் அந்தச் சமாதானத்துக்குள் வரவில்லை. நம் நாட்டுக் கடைகளில் பி.எஸ்.பி. என்ற பெயரில் விட்வொர்த்தின் 55 பாகை இன்றும் ஆட்சி செய்கிறது. அதன் பெயரோ பெரிய மாயை: அரை இஞ்சு என்று சொல்லி வாங்கியதை வெர்னியரில் அளந்தால் ஏறக்குறைய 21 மி.மீ. காட்டும். பெயர் குழாயின் உட்துளையைக் குறித்து வந்தது. நாம் அளப்பது வெளிவிட்டம்.

இனி ஹோஸின் முனைக்கு வருவோம். அங்கே எண்ணெயை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு கூம்பு. உலோகக் கூம்பு உலோகக் கிண்ணத்தில் உட்கார்ந்து அடைக்கும். ஜே.ஐ.சி. என்று வழங்கும் அமெரிக்க முறையில் கூம்பின் கோணம் 37 பாகை, பி.எஸ்.பி. முனையில் 60. இந்த எண்களை மட்டும் பார்த்து, ஒன்று மற்றதைவிட மிகக் கூர்மையானது என்று முடிவு கட்டுபவர் ஏமாறுவார். ஏனெனில் 37 என்பது நடு அச்சிலிருந்து அளந்த பாதிக் கோணம், 60 என்பது முழுக் கோணம். முழுதாய் அளந்தால் ஜே.ஐ.சி.யின் கூம்பு 74 பாகை. இதைவிடப் பொல்லாதது, ஏ.ஸி. மெக்கானிக்குகள் புழங்கும் பித்தளை ஃப்ளேர் பிட்டிங். அது 45 பாகை. முக்கால் இஞ்சு, இஞ்சுக்கு 16 மரை என்ற அளவில் அதுவும் ஜே.ஐ.சி.யும் ஒன்றுக்கொன்று சுகமாக ஏறும். ஆனால் உள்ளே கூம்பு கிண்ணத்தில் படியாமல் ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். கசிவு உடனே தெரியாது. வயலில் நாலு குலுங்கு குலுங்கியபின் தெரியும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், புழுதியிலும் சேற்றிலும் உழலும் வண்டிக்கு ஜே.ஐ.சி.யே உத்தமம். தொலைந்துபோக ரப்பர் இல்லை. வயல் நடுவே கழற்றி, துணியால் துடைத்து, மீண்டும் முடுக்கலாம். ஆனாலும் அறுவடை நாளில் உடைந்தால் பக்கத்து ஊரில் எது கிடைக்கும் என்பதும் ஒரு யோக்கியதைதான். உங்கள் பக்கத்தில் பி.எஸ்.பி. மட்டுமே கிடைக்குமானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வண்டி முழுவதும் அதையே வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பிட்டிங்கைக் கையில் எடுத்துச் செல்வதும், வெர்னியரோடு கூட, சீப்புப்போல் பல் வைத்த திரெட் கேஜ் ஒன்றை வைத்து மரையை எண்ணச் சொல்வதும் அவசியம். கூம்பில் டெஃப்லான் நாடாவுக்கு ஸ்தானமே இல்லை. முடுக்குவதிலும் பலத்தைக் காட்ட வேண்டாம். கையால் இறுகியபின் ஸ்பானரால் நட்டின் ஆறு பட்டைகளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஹோஸைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு கம்பி வலையுள்ள ஆர் 1 ரகம் 3/8 இஞ்சில் 180 பார் தாங்கும். இரட்டை வலையுள்ள ஆர் 2 ரகம் 330 பார். நீளத்தை நிச்சயிக்குமுன் சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவேண்டும்; அழுத்தத்தில் ஹோஸ் சற்றுச் சுருங்கும், ஆகவே நாண் போல் இழுத்துக் கட்டக்கூடாது. வளைவு நெருக்கமானால் ஹோஸை முறிக்காமல் 45 அல்லது 90 பாகை எல்போ வாங்கிப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. 150 பாரில் ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகமிராது. அதை அலட்சியம் செய்து மறுநாள்வரை பொறுத்திருந்தால் விரலையே எடுக்க நேரலாம். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும். தோலில் பட்டுவிட்டதென்றால், மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் அந்த மணியிலேயே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.