தக்காளி நாற்றின் முதல் இருபது நாள்கள்: நத்தையிடமிருந்தும் மழை வெயிலிடமிருந்தும் காப்பது எப்படி?

சென்ற ஆண்டு அக்டோபர் மாதம் நம் அறக்கட்டளையின் சார்பில் வீட்டுத் தோட்டத்திற்காகத் தக்காளி நாற்றுகள் கொடுத்தோம். கணவரை இழந்த சகோதரிகளின் வீடுகளுக்கும், அன்றாடக் கூலியில் நடக்கும் குடும்பங்களுக்கும் முன்னுரிமை தந்தோம். மூன்று வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது பல வீடுகளில் நாற்று நட்ட இடத்தில் வெறும் மண்தான் இருந்தது.

"எங் கைக்கு ராசி இல்ல போல. வேற யாருக்காச்சும் குடுத்திருந்தா பொழச்சிருக்கும்" என்றார் வயதான லாத்தா ஒருவர். நாற்றை வீணாக்கிவிட்டோமே என்ற கூச்சத்தில் அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதே பேச்சை வேறு சில வீடுகளிலும் கேட்டோம்.

அன்று இரவே நம் மகளிர் குழுச் சகோதரிகள் இருவர் டார்ச் விளக்குடன் அந்த லாத்தாவின் கொல்லைக்குப் போனார்கள். எஞ்சியிருந்த இரண்டு நாற்றுகளிலும் ஓடில்லா நத்தைகள் ஏறி மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கிடந்த செங்கல்லைப் புரட்டினால் அடியில் இன்னும் பல. கை ராசியில் ஒரு குறையும் இல்லை. நத்தைதான் தின்றது. பெருமழை தொடங்கும் நேரத்தில் நாற்றைக் கையில் கொடுத்துவிட்டு, எப்படிக் காப்பது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்த தவறு எங்களுடையது. அந்த விளக்கத்தைத்தான் இப்போது எழுதுகிறோம்.

ஏன் இத்தனை சிரமம்?

2021 நவம்பரில் மழையால் வரத்து குறைந்து, சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் விலை மீண்டும் ஏறியபோது, தமிழக அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாள்களில் ஏழை வீட்டு ஆணத்தில் முதலில் குறைவது தக்காளிதான். கொல்லையில் நான்கைந்து செடி காய்த்தால் அன்றாடச் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். அந்தச் செடி பிழைப்பதும் சாவதும் நட்ட முதல் பதினைந்து, இருபது நாள்களில் தெரிந்துவிடும். தண்டு தடித்து, வேர் பிடித்துவிட்டால் நத்தை நான்கு இலையைத் தின்றாலும் செடி தாங்கும். அதற்கு முன் ஒரே இரவு போதும், நாற்று இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

எதனால் போனது என்று முதலில் பாருங்கள்

எல்லாச் சாவுக்கும் ஒரே மருந்து இல்லை. காலையில் நாற்று விழுந்து கிடந்தால் குனிந்து பாருங்கள்.

• இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகள், மண்ணிலும் தொட்டியிலும் வெள்ளிக்கோடு போல் காய்ந்த கோழைத் தடம்: இது நத்தை. ஓடில்லாத நத்தையைப் பலர் அட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அட்டை இரத்தம் குடிப்பது; இது இலை தின்பது.

• தண்டு தரையை ஒட்டி வெட்டியதுபோல் அறுந்து கிடக்கிறது, கோழைத் தடம் இல்லை: இது வெட்டுப்புழு. செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினால் புழு சுருண்டு கிடக்கும். எடுத்து நசுக்கிவிடலாம்.

• இலையில் கடி இல்லை, ஆனால் அடித்தண்டு நீர்கோத்து, பழுப்பாகி, நூல்போல் மெலிந்து சாய்ந்துவிட்டது: இது நாற்றழுகல். ஈரம் தேங்கிய மண்ணில் வரும் பூஞ்சை நோய்.

• இலை வெளுத்து, காகிதம்போல் காய்கிறது: நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரென வெயிலில் வைத்ததால் வந்தது.

நத்தைக்கு என்ன செய்வது?

நத்தைக்கு உடல் காயக் கூடாது. ஆகவே பகலில் தொட்டிக்கு அடியிலும், செங்கல், பலகை, குப்பைக்குக் கீழும் ஒளிந்திருக்கும். இரவிலும் மழை மேகம் மூடிய பகலிலும் வெளியே வரும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

முதலாவது, நடும் இடத்தைச் சுற்றிக் கிடக்கும் ஓட்டுச் சில்லு, பலகை, பழைய சாக்கு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தொட்டிகளை வாரம் ஒருமுறை நகர்த்தி அடியைப் பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க மண் ஈரமாக இருக்கும். அது நத்தைக்கு நாமே விரித்துக் கொடுக்கும் பாய்.

மூன்றாவது, பொறி வையுங்கள். ஒரு சாக்கை நனைத்து, அதற்கு அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு, செடியிலிருந்து சற்றுத் தள்ளி மாலையில் விரித்து வையுங்கள். விடிந்ததும் புரட்டினால் நத்தைகள் அடியில் கூடியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்த வாளியில் அவற்றைப் போட்டு, பிறகு செடிகளுக்கு எட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். உப்பை நேராக மண்ணில் தூவ வேண்டாம். நத்தை சாகும், ஆனால் தக்காளி வேரும் கெடும். நம் கடற்கரைப் பகுதி மண்ணில் ஏற்கெனவே உப்புக்குக் குறைவில்லை.

நான்காவது, நாற்றுக்குக் கழுத்துப்பட்டி போடுங்கள். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் தலையையும் அடியையும் வெட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். அதை நாற்றைச் சுற்றி இரண்டு விரற்கடை ஆழம் மண்ணில் அழுத்தி நிறுத்துங்கள். உள்ளே நத்தை இல்லை என்று பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். நத்தை அதில் ஏறவே முடியாது என்று சொல்ல மாட்டோம். ஏறும் நத்தை இரவில் டார்ச் அடித்தால் கண்ணில் படும். வெட்டுப்புழுவுக்கும் கோழி கிளறுவதற்கும் இது நல்ல தடுப்பு.

ஐந்தாவது, இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் டார்ச்சுடன் ஒரு சுற்று வாருங்கள். மழை விட்ட இரவுகளில் இதைத் தவறவிடாதீர்கள். எங்கள் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம் பலன் தந்தது.

முட்டை ஓடு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல் முதலியவற்றைச் சோதித்து, அவை நத்தையைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று 2018ல் அறிவித்தது. முட்டை ஓடு உரக்குழிக்குப் போகட்டும். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும்வரை உதவும். ஒரு தூறலில் பயன் போய்விடும். கடையில் விற்கும் நத்தைக்கொல்லிக் குருணைகளில் மெட்டால்டிஹைடு இருந்தால் வாங்காதீர்கள். குழந்தைகளும் பூனையும் கோழியும் நடமாடும் கொல்லையில் அது ஆபத்தான விஷம்.

வெறும் கையால் தொடாதீர்கள்

உள்ளங்கை அளவு பெரிய ஓட்டு நத்தை சில தெருக்களில் பெருகியிருக்கிறது. அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. ஒரே நத்தையில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பதால் எல்லா நத்தையும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேல் இடக்கூடியது. எலியிடமிருந்து தொற்றும் ஒருவகைப் புழு இதன் உடலில் இருக்கலாம். அது மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வு அழற்சியை உண்டாக்கும். ஆகவே கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். தோட்டத்துக் கீரையையும் தக்காளியையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

மழைக்கு என்ன செய்வது?

தக்காளிக்குத் தண்ணீர் வேண்டும். தேங்கிய தண்ணீர் ஆகாது. தரையில் நடுபவர்கள் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணை மேடாக்கி, அதன் மேல் நடுங்கள். பையில் வளர்ப்பவர்கள் அடியில் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நடுவதற்கு முன் நாற்றின் வேரை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்து, அதில் அரை மணி நேரம் நனைத்தால் வேரழுகல் குறையும்.

பலத்த மழை நாள்களில் நான்கு குச்சி ஊன்றி, மேலே சாய்வாக ஒரு பாலித்தீன் தாளைக் கட்டுங்கள். பக்கவாட்டை மூடாதீர்கள், காற்று போகாவிட்டால் பூஞ்சை வரும். ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு குச்சி நட்டு, பழைய துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

மூடாக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கோடையில் வைக்கோலும் சருகும் மண்ணைக் காக்கும். மழைக்காலத்தில் அதே சருகு நத்தைக்கு வீடாகும். செடி முழங்கால் உயரம் வரும்வரை தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக இருக்கட்டும்.

எல்லா மழையையும் தடுக்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மனிதர் பிழைப்பதுதான் முக்கியம். ஆனால் சிறு பையிலோ கப்பிலோ இருக்கும் நாற்றைச் சாதாரணப் பெருமழைக்குத் திண்ணைக்கு எடுத்துவிடலாம். அதனால்தான் மழை ஓயும்வரை தரையில் நட அவசரப்படாதீர்கள் என்கிறோம்.

வெயிலுக்கு என்ன செய்வது?

நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த நாற்று நம் ஊர் வெயிலை அறியாதது. முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், மறுநாள் இரண்டு மணி நேரம் என ஒரு வாரம் பழக்குங்கள். அந்த நாள்களில் தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள், தண்டு உறுதிப்படும். மாலையில் நட்டு, முதல் நான்கைந்து நாள் மேற்குப் பக்கம் ஒரு ஓலைக் கீற்றைச் சாய்த்து வைத்தால் போதும்.

இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம்?

அக்டோபரில் நாற்று கொடுக்க மாட்டோம். நவம்பரில் வலைக்குக் கீழே விதைத்து, 25 முதல் 30 நாள் வளர்ந்து நான்கைந்து இலை விட்டபின், மழையின் போக்கைப் பார்த்து டிசம்பர் கடைசியில் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகத்தையே தருவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் பாட்டில் கழுத்துப்பட்டியும் சேர்த்துத் தருவதால், காலி பாட்டில்களை வீசாமல் அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள். முதல் இருபது நாளில் இரண்டு தடவை மகளிர் குழுவினர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். நத்தைக்குக் காம்பவுண்டுச் சுவர் ஒரு பொருட்டல்ல. ஒரு வீட்டார் மட்டும் பொறுக்கினால் அடுத்த வீட்டிலிருந்து வந்துவிடும். தெருவில் நான்கு வீட்டார் பேசிவைத்து ஒரே இரவில் இறங்கினால் பலன் நிற்கும்.

அந்த லாத்தா வீட்டுக்கு ஜனவரியில் மறுபடி நாற்று கொடுத்தோம். இரவில் அவர் டார்ச் பிடிக்க, பேரன் நத்தை பொறுக்கினான். ஏப்ரல் முதல் வாரம் ஒரு சட்டி நிறையத் தக்காளியை எங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினார். நாற்று செத்தால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். காரணத்தைச் சேர்ந்து தேடுவோம், மறுபடி நடுவோம்.