கைக்குக் கூலி, காதுக்குக் கதை

வலிகாமத்துச் செம்மண்ணின் பணப்பயிர் புகையிலை. சென்ற நூற்றாண்டிலே, சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர் கடந்த தாவடி, கொக்குவில் முதலிய ஊர்களில், அப்புகையிலையைச் சுருட்டாக்கும் கொட்டில்கள் பல இருந்தன. அங்கே இயந்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. மனிதரின் விரல்களே இயந்திரம். ஆயினும், தொழிலாளரை ஊக்குவிப்பது எங்ஙனம் என்று மேல்நாட்டறிஞர் நூல் நூலாக ஆராய்ந்த வினாவுக்கு, அக்கொட்டில்கள் தம்மளவில் ஒரு விடை கண்டிருந்தன என்பது என் துணிபு.

கொட்டிலிற் கூலி நாட்கணக்கில் அன்று. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்பதே கணக்கு. இம்முறையில் நியாயம் உண்டு. கைத்திறன் உடையவன் அதன் பயனைத் தானே பெறுகிறான். அவன் முதுகின் பின்னால் ஒரு மேற்பார்வையாளன் நிற்க வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலில் விழுந்தவனுக்கு அன்றைய கூலி இல்லை. விரல் தளர்ந்த முதியவன், இளமையில் எத்தனை இலட்சம் சுற்றியிருந்தாலும், இன்று சுற்றியதற்கே கூலி பெறுவான்.

இன்னொரு குறை சற்று நுட்பமானது. அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகேயிருந்த ஹோதோர்ன் தொழிற்சாலையில், 1931, 1932 ஆம் ஆண்டுகளில் 14 தொழிலாளரை ஆராய்ச்சியாளர் கூர்ந்து கவனித்தனர். குழு அதிகம் செய்தால் அதிகம் பெறலாம் என்பது விதி. அவர்களோ, நாளொன்றுக்கு இவ்வளவே போதும் எனத் தமக்குள் ஓர் எல்லை வகுத்து, அதனை மீறியவனைக் கேலி செய்தும் புயத்திற் குத்தியும் அடக்கினர். சோம்பலோ எனில், அன்று. எல்லோரும் வேகங்காட்டினால் வீதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சமே பெரிதும் காரணம். நம்பிக்கை இல்லாதவிடத்து ஊக்கப்பணம் பயன் தருவதில்லை.

நமது கொட்டில்களிலோ கூலியோடு வேறொன்றும் இருந்தது. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். ஏனையோர் கேட்டபடியே சுற்றுவர். எழுத்தறியாதவரும் உலகச் செய்தியும் தொடர்கதையும் அறிந்தனர். வாசிப்பின் பின்னர் விவாதம் எழும். கையைக் கட்டிப்போடும் வேலை காதையும் மனத்தையும் விட்டுவைத்திருந்தது. அவ்விரண்டுக்கும் தீனி கிடைத்தது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கியூபாவின் ஹவானா நகரிலுள்ள சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் 1865 இல் இது தொடங்கியது. வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். எந்த நூலை வாசிப்பது என்பதிலும் அவர்கள் குரல் இருந்தது. கேரளத்துக் கண்ணூரிலோ பீடித் தொழிலாளர், வாசிப்பவரின் பங்கையும் தாமே சுற்றிக் கொடுத்தனர். பீடித் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் முயற்சி எழுந்தபோது, மங்களூர் நிறுவனமொன்று 1968 இல் அங்கிருந்த தன் கிளைகளை மூடியது. வேலையிழந்தோர் 1969 இல் ‘தினேஷ்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். அங்கும் கூலி எண்ணிக்கைக் கணக்கே. ஆனால் போனஸும், சம்பளத்துடன் கூடிய லீவும், சேமலாப நிதியும் சேர்ந்தன. வாசிப்பும் தொடர்ந்தது. நோயாளியையும் முதியவனையும் பற்றி மேலே சொன்ன குறைக்கு இது மருந்து.

இன்று நம் பிள்ளைகளிற் பலர் கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். அங்கே உற்பத்தி இலக்கு உண்டு. அதனை எட்டினால் ஊக்கப்பணம் உண்டு. ஆண்டு விழாவும் விளையாட்டுப் போட்டியும் நடத்தி, “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பாரும் உளர். விழா நல்லதே. எனினும், அதனை யார் விரும்பிக் கேட்டார் என்று நான் வினவுவேன். ஹவானாவின் வாசிப்பைத் தொழிலாளர் தம் காசு கொடுத்துக் கேட்டனர், அங்கேதான் வேறுபாடு.

ஆகவே, நேர்முகத்துக்குச் செல்லும் மாணவி ஒருத்தி சிலவற்றைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. இலக்கை நிர்ணயிப்பவர் யார்? எல்லோரும் அதனை எட்டிவிட்டால், அடுத்த மாதம் அது உயர்த்தப்படுமா? ஒரு நாள் சுகவீன லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு முழுவதும் போய்விடுமா? தொழிலாளரின் யோசனையைக் கேட்கும் கூட்டம் உண்டெனில், கடைசியாக எந்த யோசனை ஏற்கப்பட்டது?