இடுப்பிலிருந்து இறங்கும் வலி

வியாதிகளுக்குள் சில, வைத்தியம் செய்கிறவர்களுக்குக் கீர்த்தி தேடித் தருவதற்கென்றே ஏற்பட்டவைபோல் தோன்றுகின்றன. இடுப்பில் ஆரம்பித்து, பிருஷ்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலையும் தாண்டிப் பாதம் வரையில் மின்னல்போல் பாயும் வலி அவற்றில் ஒன்று. இங்கிலீஷில் இதற்கு 'ஸயாடிகா' என்று பெயர். இந்த வலி கண்டவர் முதல் வாரம் தைலம் தடவுகிறார். இரண்டாவது வாரம் ஒற்றடம் கொடுக்கிறார். மூன்றாவது வாரம், கால் முன்னாகப் பிறந்தவர் யாரையேனும் அழைத்து வந்து இடுப்பை மிதிக்கச் செய்கிறார். பிறகு வெளியூர் வைத்தியர் ஒருவரிடம் பொட்டலம் வாங்கி வருகிறார். இரண்டாவது மாதத்தில் வலி குறைகிறது. கடைசியாகக் கை வைத்தவருக்குப் புகழ் உண்டாகிறது!

உண்மையில் அந்தப் புகழ் காலத்துக்கு உரியது. இந்த வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும் தன்மையது. இதை அறியாமல் பணத்தை இழக்கும் குடும்பங்கள் பல. பணம் போனாலும் போகட்டும். காத்திருக்கக் கூடாத வேளையில் காத்திருந்து, காலின் பலத்தையே இழந்தவர்களும் உண்டு. ஆகையால் எப்போது பொறுப்பது, எப்போது ஓடுவது என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது அவசியம்.

வலி எங்கே பிறக்கிறது?

நம் தேகத்திலுள்ள நரம்புகளுக்குள் மிகப் பருமனானது இந்தக் கால் நரம்பு. ஏறக்குறைய ஒரு விரல் கனம் இருக்கும். முதுகின் கீழ்ப்பகுதியில் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, ஒன்றாகச் சேர்ந்து காலுக்குள் இறங்குகிறது. வலி காலில் தெரிந்தாலும் கோளாறு பெரும்பாலும் முதுகில்தான்.

முதுகெலும்பின் கணுக்களுக்கு நடுவே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் வெளிப்புறம் நாராலான வளையம். உள்ளே கூழ் போன்ற வஸ்து. கொழுக்கட்டையின் மேல்மாவு வெடித்துப் பூரணம் பிதுங்குவதை நம் வீட்டு ஸ்திரீகள் அறிவார்கள். அதே மாதிரி, வளையம் விரிசல் கண்டு உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தி அழற்சியை உண்டாக்குகிறது. கீழ்க்கோடியிலுள்ள இரண்டு தட்டுகளிலேயே இது பெரும்பாலும் நேருகிறது. இருமினாலும், தும்மினாலும், நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலி அதிகமாவது இதனால்தான். முதியோர்களுக்கு நரம்பு செல்லும் வழி குறுகிப் போவதாலும் இவ்வலி வரலாம். அவர்களுக்கு நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் தணியும்.

பழைய ஞானமும் புதிய ஞானமும்

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். சுசுருத ஸம்ஹிதையில் 'க்ருத்ரஸீ' என்று கூறப்படுவது இந்த வியாதியே எனக் கொள்ளப்படுகிறது. காலை மேலே தூக்க முடியாமல் தடைப்படுவதே அதன் அடையாளம் என்று அந்நூல் சொல்லுகிறது. இன்றும் டாக்டர்கள் நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கித்தான் பரீட்சிக்கிறார்கள்.

இதைக் குறித்து நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அதோடு நின்றுவிடலாகாது. 1764-ல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக் கோட்டுன்யோ என்பவர், இது இடுப்பு மூட்டு வியாதியன்று, நரம்பின் வியாதி என்று பிரித்துக் காட்டினார். 1934-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு டாக்டர்கள், பிதுங்கிய தட்டே இதற்கு முக்கிய காரணம் என்பதை நிலைநாட்டினார்கள்.

படுக்கையா, நடையா?

"அசையாமல் படுத்திரு" என்பது நெடுங்காலமாக வழங்கிய உபதேசம். 1999-ல் ஹாலந்து தேசத்தில் 183 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு சாராரை இரண்டு வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை இயன்றவரை நடமாட விட்டார்கள். 12 வாரங்களுக்குப் பிறகு பார்த்தால், இரு சாராரிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள்! படுக்கையினால் விசேஷ லாபம் எதுவும் இல்லை.

ஆகவே வலி கடுமையான ஓரிரு நாட்கள் ஓய்வு கொள்ளலாம். பின்னர் சிறிது சிறிதாக நடமாடுவதே நல்லது. மல்லாந்து படுக்கும்போது முழங்கால்களின் கீழே தலையணை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். வெந்நீர் ஒற்றடம் இதம் தரும். வலி மாத்திரைகளை, முக்கியமாக வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், டாக்டரைக் கேளாமல் விழுங்கலாகாது.

'எம்.ஆர்.ஐ.' என்னும் காந்தப் படத்தைக் கண்டு மட்டும் நடுங்க வேண்டியதில்லை. 1994-ல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பாதிப்பேருக்குத் தட்டு புடைத்திருந்தது.

ஆறு வாரங்களுக்கு மேலும் பொறுக்க முடியாத வலி நீடித்தால் ரண சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். 2007-ல் வெளியான மற்றொரு ஹாலந்து ஆராய்ச்சியில், உடனே ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் நீங்கியது. பொறுத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் பின்னர் அதே சிகிச்சையை நாடினர். மற்றவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. ஒரு வருஷ முடிவில் இரு சாராரிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தார்கள். சீக்கிர நிவாரணமா, கத்தியைத் தவிர்ப்பதா என்பதை நோயாளி டாக்டருடன் கலந்து தீர்மானிக்க வேண்டியதே.

காத்திருக்கலாகாத வேளை

இனி நாம் சொல்லப் போவதை நேயர்கள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். இவ்வலியுடன் சிறுநீர் தடைப்பட்டாலும், தன்னையறியாமல் மலஜலம் கழிந்தாலும், குதிரைச் சேணத்தில் படுகிற இடம் முழுதும் மரத்துப் போனாலும், இரண்டு கால்களும் பலமிழந்தாலும், ஒரு கணமும் தாமதிக்கலாகாது. முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வலியோடு ஜுரமோ, காரணமில்லாத தேக மெலிவோ இருந்தாலும், முன்பு புற்றுநோய் கண்டவராயிருந்தாலும் பரீட்சை அவசியம்.

முக்கியமாக நம் ஸ்திரீகள், மரத்துப் போவதையும் சிறுநீர்த் தடையையும் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பது வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கூச்சம் ஆயுள் முழுவதற்குமான ஊனமாக முடியலாம். வீட்டில் யாருக்கேனும் இந்த வலி கண்டிருந்தால், அவர்கள் சொல்லட்டும் என்று காத்திராமல், மற்றவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்வது கடமையாகும்.