தயிர்ப் பச்சடி

திருவனந்தபுரத்தின் வலியசாலை, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியாகும். வெள்ளரிக்காயும் தயிரும் சேர்ந்த உணவைத் தமிழர் பச்சடி என்பர். அதனையே இந்நகரத்து மலையாளிகள் தேங்காயும் கடுகும் அரைத்துச் சேர்த்துக் கிச்சடி என்பர். மலையாள நண்பரின் வீட்டில் கிச்சடி என்றதும் ரவை உணவை எதிர்பார்க்கும் தமிழ்ச் சிறுவன், இலையில் தயிரைக் கண்டு வியப்பான்.

பச்சடியைக் கெட்டியாகச் செய்தால், பச்சைக் காய்களை அதில் தோய்த்து உண்ணலாம். 2 கோப்பைத் தயிரைத் தூய மெல்லிய துணியிலிட்டு, வடிகட்டியின் மேல் 2 மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நீர் வடிந்து தயிர் இறுகும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம். இறுகிய தயிரில் சீரகப்பொடி, மிளகுத்தூள், துருவிய இஞ்சி, கொத்தமல்லித்தழை, சிறிது உப்பு ஆகியவற்றைக் கலக்க வேண்டும். வெள்ளரி, கேரட், முள்ளங்கி ஆகியவற்றைக் கழுவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்க வேண்டும். துண்டுகளின் மேல் உப்புத் தூவுதல் கூடாது. உப்பு காயின் நீரை வெளியேற்றி அதனைத் துவளச் செய்யும்.

பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் பால் உறைந்து தயிராகிறது. கொதிக்கவைத்தால் அந்நுண்ணுயிர்கள் அழியும். எனவே இப்பச்சடியை அடுப்பில் ஏற்றுவதில்லை. தயிரில் புரதமும் கால்சியமும் உள்ளன. கடைகளில் விற்கும் மயோனைசின் பெரும்பகுதி எண்ணெயே. இப்பச்சடிக்கோ ஒரு துளி எண்ணெயும் வேண்டியதில்லை.