நோட்டா: ரகசியத்துக்காக நடந்த வழக்கு

'இவர்களில் எவருமில்லை' எனும் நோட்டா பொத்தான் என்றதும் வேட்பாளர்கள் மீதான கோபம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பொத்தானைப் பெற்றுத்தந்த வழக்கின் மையம் வாக்காளரின் ரகசியம். அதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்று ஒன்று இருந்தது. எழுத்தாளர் ஞாநி போன்றவர்களின் பிரசாரத்தால் தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமான விதி. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 17-ஏ பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு, அதை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் பெயருக்கு நேரே குறிப்பு எழுதி, அதன் கீழ் மறுபடியும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். கட்சிகளின் பூத் ஏஜென்டுகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கூலி வேலைக்கும் அரசு உதவிக்கான சிபாரிசுக்கும் உள்ளூர்க் கட்சிக்காரர்களை அண்டி வாழும் ஒருவர், அவர்கள் கண்ணெதிரே இதைச் செய்யத் துணிவாரா?

வாக்குச்சீட்டுக் காலத்தில் வெற்றுச்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். இயந்திரம் வந்ததும் அந்த வழியும் அடைபட்டது. பொத்தானை அழுத்தாவிட்டால் 'பீப்' ஒலி கேட்காது. அந்த மௌனமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்) இந்த ரகசிய மீறலை எதிர்த்து 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தது. மத்திய அரசின் ஆட்சேபம் வலுவானது: வாக்குரிமை சட்டம் தந்த உரிமை, அடிப்படை உரிமை அல்ல; எனவே அரசமைப்பின் 32-ஆவது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வர முடியாது. இந்தச் சிக்கலால் 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

தீர்ப்பு வந்தது 2013 செப்டம்பர் 27 அன்று. ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவத்தின் தலைமையில் மூவர் அமர்வு. வாக்குரிமை சட்டத்திலிருந்து வந்தாலும், வாக்களிக்கும்போது தன் விருப்பத்தை வெளிப்படுத்துவது 19(1)(ஏ) பிரிவின் கருத்துச் சுதந்திரம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு காக்கும் ரகசியம், வாக்களித்தவருக்கு உண்டு, மறுத்தவருக்கு இல்லை என்று பிரிப்பது தன்னிச்சையானது என்றார்கள். ரகசியத்தை மீறும் அளவில் 49-ஓ செல்லாது; இயந்திரத்தில் தனிப் பொத்தான் வேண்டும். என் பார்வையில் இந்தத் தீர்ப்பின் பெரிய கொடை, வாக்களிக்க மறுப்பதையும் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பில் ரகசியமாக வைத்ததுதான்.

ஒன்பது ஆண்டுகள் நீண்ட காலம். இருந்தாலும் இத்தகைய வழக்குகளைத் தேர்தல் நெருங்கும்வரை தள்ளிப்போட முடியாது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி, சென்னை உயர் நீதிமன்றத்தையும் பிறகு உச்ச நீதிமன்றத்தையும் நாடினார். தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால் நீதிமன்றம் நடுவில் குறுக்கிடாது, குறையைத் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவில்தான் எழுப்ப வேண்டும் என்று 1952-இல் தீர்ப்பானது. விதியை எதிர்ப்பவர் தேர்தல் இல்லாத நாட்களிலேயே நீதிமன்றம் போவது நல்லது.

நோட்டா அதிக வாக்குகள் பெற்றாலும் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வேட்பாளர்களுள் முதலிடம் பெற்றவரே வெற்றிபெறுவார். ஆனால் மக்கள் அதைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 60 லட்சம் பேர் அழுத்தினார்கள்; நீலகிரியில் மட்டும் 46,000-க்கு மேல். பதிவேட்டில் கைநாட்டு வைத்து இத்தனை பேர் மறுத்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு வழியில்லை.

ரகசியம் இன்னும் ஓரிடத்தில் கசிகிறது. வாக்குகள் பூத்வாரியாக எண்ணப்பட்டு வெளியிடப்படுகின்றன. நானூறு, ஐந்நூறு வாக்காளர்களே உள்ள சாவடியில் எந்தத் தெரு, எந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பதைக் கட்சிக்காரர்கள் எளிதில் கணித்துவிடலாம். சாலையும் குடிநீரும் அதைப் பொறுத்தே வரும் என்று மிரட்டவும் முடியும். வாக்குச்சீட்டுக் காலத்தில் மிரட்டலுக்கு வாய்ப்புள்ள இடங்களில் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடமிருந்தது. இயந்திரங்களுக்கும் பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்துக் கணக்கிடும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தனது 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்துப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.